பெப்ரவரியில் மலையகம்: கமராவுடன் வருபவருக்கு ஒரு பதில்

பெப்ரவரி நடுப்பகுதியில் நான்கு நாட்கள் குடும்பத்துடன் நுவரெலியாப் பக்கம் வரவிருப்பதாக வவுனியாவிலிருந்து ஒரு நண்பர் எழுதியிருந்தார். 18–55, 55–250 மில்லிமீற்றர் லென்ஸ்கள் இரண்டுடன் ஒரு சாதாரண கமராவும் ஒரு கைத்தொலைபேசியும் அவரிடம் இருக்கின்றன. பறவை, விலங்கு, பூ, பாசி என்று மலையின் இயற்கையைப் படம் எடுக்க எங்கே போவது, எப்படி எடுப்பது, இதற்காகப் பெரிய லென்ஸ் ஒன்று வாங்கத்தான் வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள். நான் அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, இந்த மலைகளிலேயே பல வருடங்களாகப் படம் எடுத்து வருபவன் என்பதால், தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

லென்ஸ் வாங்க வேண்டாம். நான்கு நாட்களில் நக்கிள்ஸ், எல்ல, சிவனொளிபாதம், ஹோர்ட்டன் சமவெளி என்று நான்கு திசையும் ஓடவும் வேண்டாம். மலைப்பாதையில் நாற்பது கிலோமீற்றர் என்பது பல சமயம் இரண்டு மணி நேரப் பயணம். அந்த இரண்டு மணி நேரம் பெரும்பாலும் காலை வெளிச்சம் இருக்கும் நேரமாகவே அமைந்துவிடும். நுவரெலியாவில் தங்கி, ஹோர்ட்டன் சமவெளிக்கு ஒரு நாள், ஹக்கலைத் தாவரவியல் தோட்டத்துக்கு ஒரு நாள், நகரத்துப் பூங்காவுக்கு ஒரு காலையும் ஒரு மாலையும், மிச்ச நேரம் தங்குமிடத்தைச் சுற்றியுள்ள தேயிலை மலைக்கு என்று வைத்துக்கொண்டால், வீட்டுக்குக் கொண்டுபோகப் போதுமான படங்கள் கிடைக்கும்.

நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் நல்லது. தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை அட்டன், நுவரெலியா சரிவுகளை நனைக்கும். வடகீழ்ப் பருவமழை டிசம்பரில் பதுளை, பண்டாரவளைப் பக்கத்தை நனைத்துவிட்டு, பெப்ரவரி வரும்போது ஓய்ந்துகொண்டிருக்கும். ஆகையால் ஜனவரி முதல் மார்ச் வரை மேட்டுநிலத்தில் காலை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். குளிரும் அதே அளவுக்குக் கூர்மையானது: சில விடியல்களில் புல்வெளியில் துகள்பனி வெள்ளையாக உறைந்து கிடக்கும், சூரியன் பட்ட அரை மணி நேரத்தில் அது தண்ணீராகிவிடும். அந்த அரை மணி நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாம் பூமத்திய ரேகையிலிருந்து ஏழு பாகை வடக்கே இருப்பதால், சூரியன் சாய்வாக ஊர்ந்து ஏறாமல் ஏறக்குறைய நிமிர்ந்தே மேலே போகிறது. குளிர்நாட்டுப் புகைப்பட நூல்கள் விவரிக்கும் நீண்ட பொன்வெளிச்சம் இங்கே கிடையாது. ஆறரை மணியை ஒட்டி உதிக்கும் சூரியன் மலைமுகட்டைத் தாண்டி உங்கள்மேல் விழும்போதே பாதி இனிமை போயிருக்கும், எட்டரைக்குப் பிறகு நிழல்கள் கறுத்துவிடும். அதற்குப் பதிலாக மலை நமக்குத் தருவது மூடுபனி. பனிமூட்டம் என்றால் படம் கெட்டது என்று கமராவை உறையில் போட்டுக்கொள்பவர்களை அடிக்கடி காண்கிறேன். எனக்கு அதுவே நல்ல நேரம். வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் மெத்தென்று வரும், ஈர இலையின் பச்சை வெளுக்காமல் நிற்கும், பின்னால் இருக்கும் குப்பையெல்லாம் தானாக மறையும். கமரா மட்டும் அந்த வெண்மையைக் கண்டு ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கிவிடும் என்பதால், எக்ஸ்போஷர் அளவைக் கூட்டல் பக்கம் முக்கால் முதல் ஒரு புள்ளி வரை நகர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. சிவனொளிபாத வனம், நக்கிள்ஸ் ஆகியவற்றுடன் சேர்த்து 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே, சிங்களத்தில் பத்தன என்று சொல்லும் புல்வெளியும் குட்டை மரங்கள் நிறைந்த முகில்காடும் மாறி மாறி வரும் நிலம் அது. காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்கும் வாகனங்கள் அனைத்துக்கும் ஒரே நோக்கம்தான்: ஒன்பது மணிக்குள் முகில் ஏறி மறைக்குமுன் உலக முடிவு என்ற செங்குத்தான மலைவிளிம்பிலிருந்து எட்டிப் பார்த்துவிட வேண்டும். ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர் நீளமான வட்டப் பாதையில் கூட்டம் மூச்சிரைக்க ஓடுகிறது. நீங்களும் குடும்பத்தினரை அந்தக் கூட்டத்தோடு அனுப்பி வைத்துவிட்டு, முதல் ஒரு கிலோமீற்றருக்குள்ளேயே நின்றுவிடுங்கள். உலக முடிவு ஒரு நல்ல காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கிருந்து எடுக்கப்படும் படங்களில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய எனக்குத் தெரியவில்லை.

வாகனத் தரிப்பிடத்தை ஒட்டிய புல்வெளியில் மரைகள் மேய்ந்துகொண்டிருக்கும். மனிதருக்குப் பழகிய மரைகள் என்பதால் 250 மில்லிமீற்றர் தாராளமாகப் போதும். உண்மையில் 55இல் எடுத்து, அது நிற்கும் புல்லையும் பின்னால் இருக்கும் காட்டின் விளிம்பையும் சேர்த்தால்தான் அது எந்த நாட்டு மரை என்று படம் சொல்லும். கமராவை நெஞ்சு உயரத்திலிருந்து இறக்கி, முழங்காலில் அமர்ந்து, விலங்கின் கண்மட்டத்துக்கு வாருங்கள். பிஸ்கட் நீட்டிக் கூப்பிடாதீர்கள். அங்கே மரைகளுக்கு உணவு கொடுப்பது தடை. கொடுத்துப் பழக்கியதால்தான் அவை பொலித்தீன் பையையும் சேர்த்து விழுங்கக் கற்றுக்கொண்டன. வாசலில் பொதிகளைத் திறந்து பொலித்தீனை வாங்கி வைத்துக்கொள்வதும் இதற்காகத்தான், ஆகவே ரொட்டியைத் துணியில் சுற்றியோ டப்பாவில் போட்டோ எடுத்துப் போவது வசதி.

மரையை எல்லோரும் பார்ப்பார்கள். பாதையோரப் புதர்களில் இருக்கும் ஓணான்களை நூற்றுக்கு ஒருவர்கூடப் பார்ப்பதில்லை. இரண்டு இனங்களைத் தேடச் சொல்வேன். ஒன்று, கன்னத்தில் கரிய பட்டையுள்ள பச்சை ஓணான். வெயில் வந்ததும் மஞ்சள் பூப் பூக்கும், ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு முட்புதரின் உச்சியில் ஏறி உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். மற்றது, மூக்கின் நுனியில் காண்டாமிருகத்தைப் போல ஒற்றைக் கொம்பு நீட்டிய கொம்பு ஓணான். உலகத்தில் இலங்கையின் நடுமலைகளில் மட்டுமே வாழ்வது. உடல் நடுவிரல் நீளம்தான், வால் அதைவிட நீளம். ஆணின் கொம்பு பெண்ணுடையதைவிட நீண்டு வெள்ளையாக இருக்கும்.

ஒரு பெப்ரவரியில், ஓடைக்கரையில் பாசி மூடிய ஒரு சாய்ந்த கிளையை, மரப்பட்டையிலும் கல்லிலும் படரும் லைக்கனைப் படம் எடுப்பதற்காக நான் பத்து நிமிடம் குவியப்படுத்திக்கொண்டிருந்தேன். கிளையிலிருந்து நரைத்த தாடிபோல லைக்கன் இழைகள் தொங்கின, ஒவ்வோர் இழையின் நுனியிலும் ஒரு துளி. படத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு முள் துருத்திக்கொண்டிருந்தது. அது சட்டத்துக்குள் வராதபடி கமராவை இடப்பக்கம் நகர்த்தினேன். முள்ளும் இடப்பக்கம் நகர்ந்தது. அப்போதுதான் அதன் பின்னால் ஒரு கண் இருப்பதைக் கண்டேன். கொம்பு ஓணான் அவ்வளவு மெதுவானது: ஒரு காலைத் தூக்கி, காற்றில் சிறிது நேரம் வைத்திருந்து, பிறகு யோசித்து வைக்கும். அடுத்த நாற்பது நிமிடமும் நான் அதே இடத்தில் நின்றேன், அது ஏறக்குறைய ஒரு முழம் நடந்தது. ஓர் எறும்பைப் பிடித்தது. தொண்டையில் ஒரு தடவை அசைவு, அவ்வளவுதான். பிறகு முகில் இறங்கி, அதன் முதுகுச் செதில்களிலும் கொம்பின் நுனியிலும் லைக்கனில் இருந்ததைப் போலவே துளிகள் கட்டின. அந்தப் படத்துக்கு நான் பயன்படுத்தியது உங்களிடம் இருப்பதைப் போன்ற ஒரு 55–250 லென்ஸ்தான்.

இந்த மாதிரி அண்மைப் படங்களில் செய்ய வேண்டியவை சிலவே. 250இல் வைத்து, லென்ஸ் குவியம் பிடிக்கும் மிகக் குறைந்த தூரத்துக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு மீற்றருக்கு, நீங்கள் மெதுவாக வந்து சேர வேண்டும். லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கினால்தான் கண்ணும் கொம்பும் இரண்டும் தெளிவாக விழும். குவியப்புள்ளியைக் கண்ணில் வையுங்கள். கண் மங்கிய படத்தில் மற்றெல்லாம் தெளிந்திருந்தும் பயனில்லை. கமரா ஓணானின் உடலுக்கு இணையாக இருந்தால் வால் வரை குவியத்துக்குள் அடங்கும். கையால் தொட்டு, கிளை மாற்றி, நல்ல பின்னணியில் உட்கார வைத்து எடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம். ஒருமுறை ஒரு வழிகாட்டி தன் பயணிகளுக்காகக் கொம்பு ஓணானைக் குச்சியில் ஏற்றிக் கைக்குக் கை மாற்றிக் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். இந்த இனத்தின் பெண் மரத்திலிருந்து இறங்கி மண்ணில் குழி தோண்டி முட்டையிடும், அந்த வேளையில் தூக்கப்பட்டால் என்னவாகும் என்று அவரிடம் கேட்டதற்குப் பதில் வரவில்லை. படத்தை வெளியிடும்போது இடக்குறியை அழித்துவிடுங்கள். நம் கொம்பு ஓணான்களுக்கு வெளிநாட்டில் செல்லப்பிராணிச் சந்தை இருக்கிறது. அதனால்தான் 2019இல் ஜெனீவாவில் கூடிய மாநாட்டில், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் பட்டியலில் அவை சேர்க்கப்பட்டன. கைத்தொலைபேசிப் படம் ஒன்றுக்குள் மறைந்திருக்கும் அகலாங்கு நெட்டாங்கு, கடத்துபவனுக்கு வழிகாட்டியைவிட வசதி.

தாவரங்களுக்கும் நுண்ணிய விவரங்களுக்கும் கைத்தொலைபேசியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அதன் உணரி சிறியது என்பதால், அண்மையில் வைத்தாலும் பெரிய கமராவைவிட அதிக ஆழம் தெளிவாக விழும். பாசியின் வித்துக்காம்புகள், மரப்பன்னத்தின் சுருண்ட இளங்குருத்து, சிலந்தி வலையில் கோர்த்த பனித்துளி ஆகியவற்றுக்கு நான் இப்போது முதலில் எடுப்பது அதைத்தான். நெலு பூத்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். தமிழ்நாட்டில் குறிஞ்சி என்று கொண்டாடும் செடியின் நெருங்கிய உறவு அது, சில இனங்கள் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலைமுழுக்கப் பூத்து அத்தோடு மடிந்துவிடும்.

தோட்டத்தையும் மறந்துவிடாதீர்கள். தேயிலையைப் பச்சைக் கம்பளமாகத் தூரத்திலிருந்து எடுத்துவிட்டுப் போகிறார்கள். மலைக்குள் இறங்கி, மழைத்தண்ணீர் ஓட வெட்டியிருக்கும் கான்களின் ஓரமாக நடந்தால், ஈரச் சுவரில் பன்னங்களும் தட்டையான ஈரற்பாசிகளும் நத்தைகளும் தவளைகளும் ஒரு முழத்துக்கு ஒன்று கிடைக்கும். கவ்வாத்து வெட்டிய மலையில், மொட்டையாக நிற்கும் பழைய தேயிலை மரத்தின் முறுக்கிய கிளைகளில் படிந்த லைக்கன்கள் ஒரு நாள் முழுக்க எடுக்கத் தக்கவை. கொழுந்து பறிக்காமல் விட்ட ஓரச் செடிகளில் மஞ்சள் மகரந்தம் நிறைந்த வெள்ளைத் தேயிலைப்பூ இருக்கும், அதைத் தேடித் தேனீ வரும். மலைக்குள் இறங்குமுன் அங்கே வேலை செய்பவர்களிடமோ கங்காணியிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கொழுந்துக்கூடையோடு நிற்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுப்பதை நான் இந்தப் பதிலின் பொருளாகக் கொள்ளவில்லை, ஆனாலும் அவர்கள் காட்சிப் பொருளின் ஒரு பகுதி அல்ல என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே, எந்தப் புதரில் எந்தக் குருவி கூடு கட்டியிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.

பறவைகளுக்கு நுவரெலியா நகரின் நடுவிலுள்ள விக்டோரியா பூங்காவே முதலிடம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பூந்தோட்டத்தில் என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைப்பீர்கள். அதன் ஓரமாக, அவ்வளவு சுத்தமில்லாத ஓர் ஓடை ஓடுகிறது. வட இந்தியாவின் குளிரிலிருந்து தப்பி வரும் பறவைகள் சில, ஒக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரை அந்த ஓடைக்கரை நிழலில்தான் காலம் கழிக்கின்றன. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் குரல் கொடுப்பதால் நம்மவர்கள் ஆறுமணிக் குருவி என்று அழைக்கும் பலவண்ணப் பறவை அங்கே சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும். காஷ்மீரில் கூடுகட்டி, குளிர்காலத்தில் பெரும்பாலும் நம் மலைகளுக்கே வந்து சேரும் செம்மார்பு ஈப்பிடிப்பான் ஒன்றையும் அங்கே பார்க்கலாம். அதைப் பார்ப்பதற்காகவே வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் உண்டு. ஹக்கலையில், 1861இல் சிங்கோனா வளர்ப்பதற்காகத் தொடங்கிய அந்தத் தாவரவியல் தோட்டத்தில், மஞ்சட்காதுக் கொண்டைக்குருவியும், அடர்ந்த ரோமத்தால் கரடிக் குரங்கு என்று பெயர்பெற்ற மலைமந்தியும் சிரமமில்லாமல் கிடைக்கும்.

இந்தப் பறவைகள் நிற்பது இருட்டான இடம். உங்கள் லென்ஸ் 250இல் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. ஆகவே கமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ அளவை 3,200 வரை ஏற்றத் தயங்க வேண்டாம். மணல் தூவியது போன்ற படத்தைப் பிறகு ஓரளவு திருத்தலாம், அசைந்து மங்கிய படத்தைத் திருத்த முடியாது. லென்ஸின் அதிர்வுத் தடுப்பைப் போட்டு, மரத்தில் சாய்ந்து, நொடியில் 125இல் ஒரு பங்கு வேகத்தில், தொடர்ச்சியாக நான்கைந்து சொடுக்குகள். சருகு புரட்டும் பறவை ஒவ்வொரு முறையும் ஒரு கணம் சிலையாக நிற்கும், அந்தக் கணத்துக்குக் காத்திருங்கள். பறவையைத் துரத்திப் போகாமல், அது வந்துபோகும் இடத்தில் முன்கூட்டியே உட்கார்ந்துவிட்டால், பத்து நிமிடத்தில் உங்களையும் ஒரு கல்லாக எண்ணி அருகே வரும். ஒலிப்பதிவைப் போட்டுப் பறவையைக் கூப்பிடும் பழக்கம் பரவி வருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. குரல் கேட்டு எதிரி வந்துவிட்டதென்று பதறி ஓடிவரும் பறவையின் முகத்தில் அந்தப் பதற்றம்தான் இருக்கும்.

கூடு என்றால் விலகிப் போங்கள். இதை என் தவறிலிருந்து சொல்கிறேன். ஆரம்ப காலத்தில், லயம் என்று சொல்லும் எங்கள் தோட்டக் குடியிருப்பு வரிசைக்குப் பின்னால் இருந்த புதரில் ஒரு கொண்டைக்குருவிக் கூட்டைக் கண்டு, முன்னால் மறைத்த இரண்டு சிறு கிளைகளை ஒடித்து அகற்றிவிட்டுப் படம் எடுத்தேன். மூன்று குஞ்சுகள், மூன்று திறந்த வாய்கள். படம் அழகாகவே வந்தது. அடுத்த நாள் காலை கூட்டில் ஒன்றும் இல்லை, கூரைமேல் ஒரு காகம் இருந்தது. அந்தக் கிளைகள் மறைத்துக்கொண்டிருந்தது என்னிடமிருந்து மட்டுமல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டுவதில்லை.

சிறுத்தையைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியிலும், தேயிலை மலைகளிலும், சில இடங்களில் லயத்து நாயைத் தூக்கிப் போகும் அளவுக்கு அருகிலும் இருக்கிறது. நான்கு நாளில் பார்ப்பீர்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். பார்த்தால், வாகனத்தை விட்டு இறங்காமல், ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு, இடத்தை யாரிடமும் சொல்லாமல் வந்துவிடுங்கள். 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கம் சுருக்குக் கம்பியில் சிக்கிய ஒரு கருஞ்சிறுத்தையை உயிருடன் மீட்டும், சில நாட்களில் அது இறந்துபோனது. காட்டுப்பன்றிக்கென்று வைக்கும் கம்பி எதையும் பிரித்தறியாது. பாதச்சுவடு, மரத்தில் நகம் கீறிய அடையாளம், ஈரமண்ணில் மரையின் குளம்புத் தடத்தின் மேல் விழுந்த சிறுத்தையின் தடம், இவையும் படங்கள்தான். பக்கவாட்டில் விழும் காலை வெயிலில் எடுத்தால் பள்ளத்தின் விளிம்பு தெளிவாக எழும். அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள்.

புகையிரதத்தில் வருவதானால், மண்சரிவால் மலையகப் பாதை இடைக்கிடை தடைப்படும் என்பதால், ஓடுகிறதா என்று முதலில் விசாரியுங்கள். நுவரெலியாவுக்கு நானுஓயாவில் இறங்க வேண்டும். ஓடும் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு நொடியில் 1,000இல் ஒரு பங்கு வேகம், கண்ணாடியைத் திறந்த சாளரம், கழுத்தில் வார். வாசலில் தொங்கிக்கொண்டு எடுப்பதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ட்ரோன் கொண்டுவர எண்ணம் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தேசியப் பூங்காக்களுக்குள் அனுமதியின்றி அதைப் பறக்கவிட முடியாது. ஈரமான காட்டோரத்தில் அட்டை இருக்கும், காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, சவர்க்காரத்தை மேலே தேய்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஏறாது.

கடைசியாகக் கமராவின் உடல்நலம். துகள்பனியில் இரண்டு மணி நேரம் நின்ற கமராவை நேராகச் சூடான வாகனத்துக்குள்ளோ பிளேன்டீக் கடைக்குள்ளோ கொண்டுபோனால், லென்ஸ் கண்ணாடியின் உட்புறத்திலும் நீர் கட்டும். நான் ஒருமுறை அந்த நீரைத் துடைக்க லென்ஸைக் கழற்றி, ஈரத்தை உடலுக்குள்ளேயே அழைத்துப் போனேன். சில மாதங்களில் கண்ணாடிக்குள் சிலந்தி நூல்போலப் பூஞ்சை படர்ந்தது. வெளியே குளிரில் நிற்கும்போதே கமராவை இறுக மூடும் பையில் போட்டுக் கட்டி, உள்ளே வந்து ஒரு மணி நேரம் திறக்காமல் வையுங்கள், நீர் பையின் வெளிப்புறத்தில் கட்டிப் போய்விடும். இரவில் மூடியுள்ள டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அரிசி வேண்டாம், அதன் தூள்தான் லென்ஸ் வளையத்துக்குள் போகும். நீல நிற ஜெல் ஈரத்தைக் குடித்ததும் இளஞ்சிவப்பாகும்; மெல்லிய சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகிவிடும். அந்த நீலம் கோபால்ட் உப்பின் நிறம், நச்சுத்தன்மை உள்ளது, ஆகவே வறுப்பதற்கு வீட்டில் சமைக்கும் தாச்சியை எடுக்காமல், பழைய தகரம் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.